பிரேக் மேல் ஒட்டிய அப்பளம்

அந்தக் கார் ஒரு மகா புத்திசாலி என்று நான் நம்பினேன். அதற்கு என் மேல் தனிப் பிரியம் இருக்கிறது என்றும் நம்பினேன். எந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து நான் பயந்தேனோ, அதே மோட்டார் சைக்கிளைப் பார்த்து அதுவும் பயந்தது. 'ஐயோ' என்று நான் மனசுக்குள் சொல்லி முடிப்பதற்குள் அது வேகத்தைக் குறைத்தது. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனைவிக்கே என் மனசு இவ்வளவு துல்லியமாகப் புரிந்ததில்லை. கோலாலம்பூரிலிருந்து போன் போட்டு அதை அவளிடமே சொன்னேன்.

"அப்ப அதையே கட்டிக்கிட்டு அங்கேயே இருங்க" என்றாள்.

பாளையங்கோட்டையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் நான். ஆயுளில் பாதியை இடது பக்கச் சீட்டில் கழித்தவன். வலது பக்கம் உட்கார்ந்திருப்பவன் யாராக இருந்தாலும் என்னைக் கொல்ல வந்தவன் என்ற எண்ணத்தோடுதான் தொழில் செய்கிறேன். என் காலுக்குக் கீழே எனக்கென்று தனி பிரேக் உண்டு. அது இல்லாத இடத்திலும் கால் அதைத் தேடும். சினிமா கொட்டகையில் கதாநாயகன் கார் ஓட்டினால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். விமானம் தரையிறங்கியபோது அதை நிறுத்தியதில் என் பங்கும் உண்டு.

விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்த டாக்சிக்காரர் நம் தமிழர்தான். பாதி வழியில் கேட்டார்: "அங்கிள், கீழே ஏதும் விழுந்திருச்சா? ரொம்ப நேரமா காலால தேடறீங்க."

"ஒண்ணும் இல்லை" என்றேன்.

"கார்ப்பெட் புதுசு. அதான் கேட்டேன்."

என்னை வரவழைத்தது அக்கா மகள் கவிதா. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சின்ன நிறுவனத்தில் இன்ஜினீயர். கார் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும்போது உள்ளே இருக்கிற மனுஷன் என்ன செய்கிறான் என்று பார்ப்பது அவள் வேலை.

"தூங்குவான்" என்றேன்.

"அவன் தூங்காம இருக்கத்தான் மாமா இவ்வளவு செலவு."

ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கண் எங்கே போகிறது, கை எங்கே இருக்கிறது என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தாளில் குறிக்க ஒரு பெண் இருந்தாளாம். பிரசவ விடுப்பில் போய்விட்டாள். ஒரு வாரத்துக்கு அந்த இடத்தில் உட்கார ஆள் வேண்டும். 'வண்டியில வாந்தி எடுக்காத, ஓட்டுறவங்களைப் பார்த்தே பழகின ஆளு எனக்கு உங்களைத் தவிர யாரு மாமா' என்று கேட்டாள். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. என் வரலாற்றில் இதைவிட மோசமான ஒப்பந்தங்கள் இருந்திருக்கின்றன.

அவள் வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். இறங்கிய அன்று மத்தியானமே வாழையிலைச் சாப்பாடு. நம் ஊரில் அப்பளம் என்றால் ஆளுக்கு ஒன்று. இரண்டாவது கேட்டால் சர்வர் குலம் கோத்திரம் விசாரிப்பார். இங்கே ஒரு பெரிய டப்பாவை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அப்பளத்தைப் பார்த்தால் கிளட்ச் ஞாபகம்தான் வரும். காலை எடுக்காமல் கிளட்ச் மேலேயே வைத்திருக்கிற மாணவர்களுக்கு என் ஸ்கூலில் ஒரு வைத்தியம்: பெடல் மேல் பொரித்த அப்பளத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுவேன். தெரு முனை போய்த் திரும்பும்போது அது முழுசாக இருந்தால் பாஸ். 'காசு கட்டினது கார் கத்துக்க, அப்பளம் பொரிக்க இல்ல' என்று ஒரு மாணவியின் அப்பா சண்டைக்கு வந்திருக்கிறார். கவிதா இந்தக் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டுச் சலித்தவள். சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை சுப்ராவைச் சந்தித்தேன். சோதனை ஓட்டுநர். நாற்பத்தைந்து வயசிருக்கும். அகன்ற தோள், மெதுவான பேச்சு. காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றிச் சீட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தார்.

"பசியாறிட்டீங்களா மாஸ்டர்?" என்றார். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை இங்கே இப்படித்தான் கேட்கிறார்கள். இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் ஆகியிருந்தது. பரோட்டாவுக்கு அண்ணன் மகன் இரண்டும், உயரத்திலிருந்து விழுந்த டீ ஒன்றும் என்று புரிந்துகொள்ளலாம்.

கார் ஏற்கெனவே ஒரு டிரைவிங் ஸ்கூலில் உழைத்து ஓய்வு பெற்றது. அதை வாங்கி முகத்துக்கு ஒரு கேமரா, கைக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று என்று மாட்டியிருந்தார்கள். காலுக்கு ஒரு கேமரா ஆர்டர் போட்டிருக்கிறது, இன்னும் வரவில்லை. என் பக்கம் பழைய ஆசிரியர் பிரேக் அப்படியே இருந்தது. "அது வேலை செய்யாது மாமா, வயரை வெட்டியாச்சு" என்றாள் கவிதா. வெட்டிய வயர் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்தேன்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் சுப்ரா ஒரு பொத்தானை அமுக்கினார். அதற்கப்புறம் ஓட்டம் காருடையது. முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விட்டு, கோட்டுக்குள் அதுவே போகிறது. தன்னால் முடியாது என்று பட்டாலும், மனுஷன் பிரேக்கைத் தொட்டாலும், 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டு ஒதுங்கிவிடும். பிறகு மனுஷன் பாடு. யாரால் ஒதுங்கியது என்பது டிங்குக்குத் தெரியாது, கணினிப் பதிவுக்குத்தான் தெரியும்.

கிள்ளானை நோக்கிப் போகிற சாலை அது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லோரிகள் ஒரு பக்கம், சந்து கிடைத்தால் நுழைகிற மோட்டார் சைக்கிள்கள் ஒரு பக்கம். ஹாரன் மட்டும் இல்லை. நம் ஊரில் ஹாரன் அடித்து 'சாகப்போகிறாய்' என்று முன்கூட்டியே தகவல் தருவார்கள். இங்கே சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். அமைதியான ஆபத்து எனக்குப் பழக்கமில்லை. முதல் மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். கார் பதமாக வேகம் குறைத்தது. டிங்.

"புத்திசாலி" என்றேன்.

"ஆமாலா" என்றார் சுப்ரா, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே. "இன்னிக்கு ரொம்ப ஜாக்கிரதையா இருக்கு காடி. போன வாரம்லாம் இப்படி இல்ல." காரை அவர் காடி என்றுதான் சொல்வார்.

அன்றைக்கு இப்படி ஏழெட்டு முறை. ஒவ்வொரு முறையும் சுப்ராவின் கை ஸ்டியரிங்கில், கண் சாலையில். அப்படியே குறித்தேன். நடுவில் நிறுத்தி நாசி லெமாக் சாப்பிட்டோம். தேங்காய்ப்பால் சோற்றில் நெத்திலி. கார் மேல் எனக்கிருந்த அன்பு அந்தச் சோற்றின் மீதும் பரவியது.

புதன்கிழமை மத்தியானம் மழை. பத்து நிமிஷத்துக்கு முன் வெயில் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். முன்னால் போகிற லோரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. நான் கண் மூடவில்லை, திறந்தே செத்துக்கொண்டிருந்தேன். கார் டிங், டிங் என்று வழியெல்லாம் ஒதுங்கிக்கொண்டே வந்தது. இப்படிப் பயந்த காரை நான் பார்த்ததில்லை. என் ரத்தம் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் ஸ்ரீ கெம்பாங்கான் ஷெட்டில் கவிதா கணினியைத் திருப்பி எங்களுக்குக் காட்டினாள். பச்சைக் கோடு, கார் தானாக பிரேக் போட்டால் எழும்பும். சிவப்புக் கோடு, ஓட்டுநரின் பிரேக் பெடல் இறங்கினால் எழும்பும். இரண்டு நாளின் எல்லா டிங்குக்கும் சிவப்புதான் எழும்பியிருந்தது.

"சுப்ரா அண்ணே, ஒவ்வொரு தடவையும் நீங்கதான் பிரேக் போட்டிருக்கீங்க."

"நான் கால் வைக்கவே இல்ல, மிஸ்."

"பெடல் இறங்கியிருக்கே."

"இறங்கியிருக்கலாம். நான் இறக்கல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. லோரியில் ஏற்றிய சரக்கு எத்தனை என்று சொல்வது போலச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கவிதா என்னிடம் விளக்கினாள். பிரேக் போட்டது பெரிய தப்பில்லை. போடவில்லை என்று நம்புவதுதான் பிரச்சினை. "அவர் பொய் சொல்லல மாமா. மனுஷனுக்குத் தன் கால் என்ன செய்யுதுன்னு நிஜமாவே தெரியாது. பழக்கத்துல தானா போகும், மூளைக்குத் தகவலே வராது. ஆனா தன் கால் என்ன செய்யுதுன்னு தெரியாத ஆளை இந்த வேலையில வெச்சிக்க முடியாது. போன வாரம் வரைக்கும் சுத்தமா இருந்தார். நீங்க உட்கார்ந்ததும் ஆரம்பிச்சிருக்கு. ஒரு மாஸ்டர் பக்கத்துல இருக்கார்ங்கிற பயம்னு நினைக்கிறேன்."

என் முகத்துக்கு இவ்வளவு மிரட்டலா என்று உள்ளூர ஒரு சந்தோஷம். "எனக்கு நல்லாத் தெரியும்மா இது" என்றேன். "என்கிட்ட வர்றவங்க எல்லாம் இதே கேஸ்தான். கால் ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் இருப்பான்."

வெள்ளிக்கிழமை அவள் முடிவு அனுப்ப வேண்டும். பார்வையாளர் கருத்து என்று தாளின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. நான் பேனாவைத் திறந்து, இருபத்தைந்து வருஷ அனுபவத்தின் கனத்தோடு, 'ஓட்டுநரின் கால் அமைதியில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

வியாழக்கிழமை காருக்கு ஓய்வு. சுப்ரா கிள்ளானுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருந்தார். தனியாகவே ரயிலில் போகிறேன் என்று கவிதாவிடம் வீரம் பேசினேன். பெட்டியில் ஏறி உட்கார்ந்து, எல்லோரும் என்னையே பார்க்கிறார்களே, சட்டை நன்றாக இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஸ்டேஷன் கழித்து ஒரு மலாய்ப் பாட்டி மோவாயால் சுவரைக் காட்டினாள். பெண்கள் பெட்டி. அடுத்த பெட்டிக்கு ஓடியதில் என் குடை அங்கேயே தங்கிவிட்டது. எங்கள் ஊரில் என்றால் முதல் ஸ்டேஷனுக்கு முன்பே பாட்டு விழுந்திருக்கும். மரியாதையான தேசத்தில் அவமானம் கொஞ்சம் லேட்டாக வருகிறது, அவ்வளவுதான்.

கிள்ளான் ஸ்டேஷனில் சுப்ரா மோட்டார் சைக்கிளோடு நின்றார். பண்டமாரானில் அவர் வீடு. வழியெல்லாம் கண்டெய்னர் லோரிகள். பின்னால் உட்கார்ந்து நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. "மாஸ்டர், கால் வைக்கிற கம்பி உடைஞ்சா வேற வாங்கணும்" என்றார்.

அவர் மனைவி லெட்சுமி மீ கோரிங் பிரட்டி வைத்திருந்தார். கூடவே ரசம், அப்பளம். மஞ்சள் நூடுல்ஸும் அப்பளமும் ஒரே தட்டில் சமாதானமாக இருந்தன.

சுப்ரா பதினெட்டு வருஷம் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஓட்டியவர். முதுகுத் தண்டு தேய்ந்துபோய் டாக்டர் லோரி கூடாது என்றுவிட்டார். அந்தச் சமயத்தில் கிடைத்தது இந்த வேலை. "இது போனா மறுபடி லோரிதான்" என்றார் லெட்சுமி. "லோரி ஏறினா மறுபடி படுக்கைதான்." மீயை இன்னும் கொஞ்சம் போட்டார்.

"மிஸ் நல்ல மனுசி" என்றார் சுப்ரா. "ஆனா அவங்ககிட்ட கோடு இருக்கு. எங்கிட்ட வாய்தான் இருக்கு. மாஸ்டர், நீங்க பக்கத்துல இருந்தீங்க. நான் கால் வெச்சேனா?"

என் வாய் நிறைய மீ. மெதுவாக மென்றேன். எவ்வளவு மென்றாலும் ஒரு நேரத்தில் விழுங்கித்தான் ஆக வேண்டும்.

"எழுதிக் குடுத்துட்டேன் சுப்ரா."

"என்னன்னு?"

"கால் அமைதியில்லைன்னு."

"பாத்தீங்களா?"

"இல்ல. கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"பாக்காமயே எழுதினீங்க."

"ஆமா."

அவர் அப்பளத்தை உடைத்து ரசத்தில் போட்டார். "நல்லா எழுதுவீங்க போல" என்றார்.

லெட்சுமி எழுந்தார். மீதி அப்பளத்தை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி மூடியை அழுத்தினார். மூடாவிட்டால் இந்த ஊர் ஈரக் காற்றில் அரை மணியில் நமத்துப்போகுமாம். எனக்கு அந்த டின்னிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"தங்கச்சி, அதுல ரெண்டு எனக்குக் குடுப்பியா? டின்னோட" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை, பிஸ்கட் டின்னோடு ஷெட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கவிதா நெற்றியில் கை வைத்தாள். "அப்பளத்தை ரிப்போர்ட்ல எப்படி மாமா எழுதறது?"

"பிரேக் மேல ஒட்டுவோம். அவர் கால் பட்டா நொறுங்கும். நொறுங்கினா அவரே பார்த்துக்கலாம், நம்ம ரெண்டு பேர் சொல்லி அவர் நம்பத் தேவையில்ல." உண்மையைச் சொன்னால், நொறுங்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவர் கண்ணால் பார்த்துவிட்டால் நான் பார்க்காமல் எழுதியது கொஞ்சம் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு.

ஷெட்டுக்குப் பின்னால் ஆளில்லாத தொழிற்பேட்டைச் சாலை ஒன்று உண்டு. மெதுவாகத்தான் ஓட்டுவது, நிறுத்துவதற்குக் கைப்பிரேக் என்று முடிவானது. மெக்கானிக் செங் அவருடைய மோட்டார் சைக்கிளில் குறுக்கே வருவார். செங்குக்கு சுப்ரா மலாயில் விளக்கினார். செங் அப்பளத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என்ன கேட்டார் என்றேன். "இந்தியாவுல எல்லா டெஸ்டும் இப்படித்தானான்னு கேக்கறாரு" என்றார் சுப்ரா.

டேப் வைத்து ஒட்டினேன். சுப்ரா வெறுங்காலோடு ஏறினார். நான் இடது பக்கம். கவிதா கணினியோடு பின்னால். கார் தானோட்டத்தில் உருண்டது. வேப்பமரம் போல ஏதோ ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து செங் சீறிக்கொண்டு வந்தார், கேட்டதைவிடக் கொஞ்சம் உற்சாகமாகவே. நான் சீட்டோடு ஒட்டிக்கொண்டேன். கார் நின்றுவிடுகிற மாதிரி மெதுவானது. டிங்.

சுப்ரா கைப்பிரேக்கை இழுத்தார்.

"சிவப்பு" என்றாள் கவிதா பின்னாலிருந்து.

சுப்ரா இரண்டு கால்களையும் மடக்கி ஓரமாக எடுத்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அப்பளம் முழு நிலாவாக இருந்தது.

செங் வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு வந்தார். சுப்ராவின் பெடலைப் பார்த்தார். சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். என் முட்டியில் இரண்டு விரலால் தட்டினார், ஓரம் போ என்கிற மாதிரி. அப்போதுதான் கவனித்தேன். என் வலது கால், செருப்போடு, ஆசிரியர் பிரேக்கின் மேல் இருந்தது. மேல் என்று சொல்வது குறைவு. அதைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது.

இருபத்தைந்து வருஷமாக அந்தக் காலுக்குக் கீழே ஒரு பெடல் இருக்கிறது. அது இல்லாத இடத்தில்தான் கால் அமுக்குவது எனக்குத் தெரியும். இருக்கிற இடத்தில் தெரியாது.

நான் காலை எடுத்தேன். சுப்ராவின் பெடல் அப்பளத்தைச் சுமந்துகொண்டு மேலே வந்தது. செங் குந்தி உட்கார்ந்து என் பெடலைக் கையால் அமுக்கினார். அந்தப் பக்கம் அப்பளம் இறங்கியது. விட்டார். ஏறியது. கவிதா மலாயில் ஏதோ கேட்டாள், குரல் கம்மியாக. செங் நிதானமாகப் பதில் சொன்னார்.

"வயரை வெட்டச் சொன்னீங்க, வெட்டினேன்ங்கறாரு" என்று சுப்ரா எனக்காக மொழிபெயர்த்தார். "அது இந்த பிரேக்கை அமுக்கினா கத்தற பஸரோட வயராம். பிரேக்குக்கு ஏது வயர், அடியில இரும்புத் தண்டுலா போகுது, அதை எடுக்கச் சொல்லி யாரும் சொல்லலையேங்கறாரு."

பஸர் இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமை முதல் மோட்டார் சைக்கிளிலேயே கத்தியிருக்கும்.

"மாஸ்டர்" என்றார் சுப்ரா. "மூணு நாளா காடி புத்திசாலின்னு சொன்னீங்களே."

"ஆமா."

"உங்களையே சொல்லிக்கிட்டீங்க." சிரிக்கவில்லை. அப்பளத்தை டேப்போடு உரித்து செங்கிடம் கொடுத்தார். செங் அதை மோந்து பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியைத் தேடினார்.

ஷெட்டுக்குப் போனதும் கவிதா என் தாளை எடுத்தாள். ஓட்டுநர் என்ற இடத்தில் இருந்த சுப்ராவின் பெயரை அடித்து, என் பெயரை எழுதினாள். 'கால் அமைதியில்லை' என்பதை அடிக்கவில்லை. செவ்வாய், புதன் பதிவுகளைக் கழித்துக் கட்டினாள். சுப்ரா பற்றிய ரிப்போர்ட்டில் அதற்கு முந்தின சுத்தமான கணக்கையே அனுப்பினாள். திங்கள்கிழமை அவர் வேலைக்கு வந்தார். அவர் பக்கத்தில் நான் உட்காரவில்லை.

அந்த வாரம் கார் தானாக ஒருமுறைகூட பிரேக் போடவில்லை. சுப்ராவும் போடவில்லை. எல்லாவற்றையும் போட்டது நான்.